நாம் தேர்ந்தெடுக்காத மன்றத்திற்கு ஓடும் வண்டியைப் பிடிக்கும் அதிகாரமா?



நீங்கள் லோரி ஓட்டுபவராக இருக்கலாம். பள்ளி வேன் ஓட்டுபவராக இருக்கலாம். இரவு முழுக்கப் பாதுகாவலர் வேலை பார்த்துவிட்டு, விடிந்ததும் தூக்கக் கலக்கத்தோடு மோட்டாரில் பூச்சோங் வீட்டுக்குத் திரும்புபவராக இருக்கலாம். உங்கள் மகன் சுபாங் ஜெயாவில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக இருக்கலாம். நம் வீடுகளில் பாதிப் பேருக்குச் சாலையில்தான் சம்பாத்தியம். அதனால் இது உங்களைப் பற்றிய செய்தி. கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் படியுங்கள்.

நெரிசல் என்று பேச்சு வந்தால் போதும், உடனே ஒரு யோசனையும் கூடவே வருகிறது. "போலீசுக்கு ஆள் போதவில்லை. ஜேபிஜே எல்லா இடத்திலும் நிற்க முடியாது. சிவப்பு விளக்கைத் தாண்டுபவன், ஒருவழிப் பாதையில் எதிரே வருபவன், திரும்பக்கூடாத இடத்தில் திரும்புபவன், இவர்களைப் பிடிக்கும் அதிகாரத்தை ஊராட்சி மன்றத்திடமே கொடுத்துவிட்டால் என்ன?" என்கிறார்கள்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரிடம் கொடுக்கச் சொல்கிறார்கள் என்பதை யோசித்தீர்களா? அந்த மன்றத்திற்கு நீங்கள் என்றைக்காவது ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா?

நிற்கும் வண்டி வேறு, ஓடும் வண்டி வேறு

முதலில் இன்றைய நிலைமையைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். நம்மில் பலருக்குச் சீருடை போட்டவன் எல்லாம் ஒன்றுதான். யார் கையைக் காட்டினாலும் வண்டியை ஓரம் கட்டிவிடுகிறோம். அது தவறு.

கார் நிறுத்துமிடத்தில் கட்டணம் கட்டாமல் விட்டீர்கள், மஞ்சள் கோட்டில் நிறுத்தினீர்கள், அடுத்தவன் வழியை மறித்து நிறுத்தினீர்கள் என்றால் மன்றத்தின் அமலாக்க அதிகாரி வந்து கம்பவுண்டு வைப்பார். ஓடும் வண்டியின் குற்றங்களான வேகம், சிவப்பு விளக்கு, எதிர்த்திசை, ஆபத்தாக முந்துவது எல்லாம் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் போலீசும் ஜேபிஜேயும் பார்க்கும் வேலை. அவர்கள் கூட்டரசு அரசாங்கத்தின் ஆட்கள். அவர்கள் வசூலிக்கும் பணம் கூட்டரசு கஜானாவுக்குப் போகிறது. மன்றம் வசூலிக்கும் கம்பவுண்டு மன்றத்தின் சொந்தப் பெட்டிக்குப் போகிறது. இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை இது தேவைப்படும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கம்பவுண்டு கட்டினால் பணத்தோடு போயிற்று. ஆனால் சிவப்பு விளக்கு, வேகம் போன்ற குற்றங்களுக்குக் கெஜாரா புள்ளி ஏறும். புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் முடக்கப்படும். அலுவலகத்தில் வேலை செய்பவனுக்கு லைசன்ஸ் போனால் ரயிலில் போவான். லோரி ஓட்டுபவனுக்கு லைசன்ஸ் போனால் அடுப்பே அணைந்துவிடும். ஆகவே ஓடும் வண்டி மீதான அதிகாரம் என்பது வெறும் அபராத அதிகாரம் அல்ல. அது உங்கள் பிழைப்பின் மீதான அதிகாரம்.

முந்நூறு வெள்ளி யாருக்கு எவ்வளவு?

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. மாதத்திற்கு 26 நாள் வேலை என்று கணக்குப் போட்டால் ஒரு நாள் கூலி ஏறக்குறைய 65 வெள்ளி. ஒரு சம்மன் 300 வெள்ளி என்றால் நான்கரை நாள் உழைப்பு போய்விடுகிறது. நான்கரை நாள் வெயிலில் நின்றது, மூட்டை தூக்கியது, இரவில் கண் விழித்தது எல்லாம் ஒரே தாளில் முடிந்துவிடும்.

மாதம் 15,000 வெள்ளி சம்பளம் வாங்குபவருக்கு அதே 300 வெள்ளி அரை நாள் சம்பளம்தான். அவர் அதை உணவகத்தில் ஒரு குடும்பச் சாப்பாட்டில் செலவழித்துவிடுவார். சட்டம் எல்லாருக்கும் சமம் என்கிறார்கள். தொகை சமமாக இருக்கிறது, வலி சமமாக இல்லையே!

சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி என்பதும் கையில் காசு இருப்பவனுக்குத்தான் உதவும். சம்பள நாள் வரை காத்திருக்க வேண்டியவன் தள்ளுபடிக் காலம் முடிந்த பிறகுதான் முகப்பில் வந்து நிற்பான். ஏழைதான் முழு விலை கொடுப்பான்.

ஏஇஎஸ் கதையை மறந்துவிட்டோமா?

அபராதத்தை வியாபாரமாக்கினால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2012 செப்டம்பரில் ஏஇஎஸ் என்ற தானியங்கிக் கேமரா முறை வந்தது. சிவப்பு விளக்கையும் வேகத்தையும் கேமரா பிடிக்கும். சம்மன் 300 வெள்ளி. நாடு முழுக்க 831 கேமராக்கள் வைக்கத் திட்டம் போட்டார்கள். தொடக்கத்தில் வைத்தது 14 மட்டுமே.

அதை நடத்தியது யார்? இரண்டு தனியார் நிறுவனங்கள். அவற்றுக்கு வருமானம் எங்கிருந்து? வசூலாகும் சம்மனில் பங்கு! யோசித்துப் பாருங்கள். மக்கள் ஒழுங்காக வண்டி ஓட்டினால் அந்த நிறுவனத்திற்கு நட்டம். மக்கள் தவறு செய்தால் லாபம். அப்படிப்பட்டவன் உங்கள் பாதுகாப்புக்காக வேலை செய்வானா, உங்கள் தவறுக்காகக் காத்திருப்பானா?

மக்கள் கொதித்தார்கள். அன்று எதிர்க்கட்சிகள் ஆண்ட சிலாங்கூர், பினாங்கு போன்ற மாநிலங்கள் ஒத்துழைக்க மறுத்தன. 2012 டிசம்பரிலேயே நீதிமன்ற வழக்குகள் நிறுத்தி வைக்கப்பட்டன. பிறகு அந்த முறை கை மாறியது. 2017-ல் அவாஸ் என்று பெயரும் மாறியது. 2018-ல் ஆட்சி மாறிய பிறகு, கட்டப்படாத சம்மன்களை ரத்து செய்து, அந்தப் பணியை அரசே நேரடியாக எடுத்துக்கொண்டது.

சரி, அதற்கு முன்பே பயந்து போய்க் கட்டியவர்களுக்கு? பணம் திரும்பவில்லை. யார் முதலில் பயந்து கட்டுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வக்கீல் வைக்க முடியாதவன், மலாய் மொழிக் கடிதத்தைப் படித்துக் காட்ட மகனைத் தேடுபவன், சாலை வரி புதுப்பிக்க முடியாமல் போய்விடுமோ என்று நடுங்குபவன். கட்டாமல் இருந்தவன் தப்பித்தான். கீழ்ப்படிந்தவன் இழந்தான்.

இன்று சுபாங் ஜெயாவில்

இப்போது நம் வாசலுக்கு வாருங்கள். 2025-ல் சிலாங்கூர் அரசு வாகன நிறுத்துமிட நிர்வாகத்தைத் தனியாருக்குக் கொடுக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. சுபாங் ஜெயா, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் மாநகர் மன்றங்களும் செலாயாங் நகராண்மைக் கழகமும் அதில் அடங்கும். வசூலில் பாதி தனியார் நிறுவனத்திற்கு, 40 விழுக்காடு மன்றத்திற்கு, 10 விழுக்காடு மாநில அரசின் துணை நிறுவனத்திற்கு என்று பங்கு பிரித்தார்கள். கண்காணிப்புக் கேமராக்கள் வைப்பதும் அத்திட்டத்தில் ஒரு பகுதி.

அன்று ஏஇஎஸ் முறையில் தனியாருக்குப் பங்கா என்று எதிர்த்து நின்ற அதே சிலாங்கூர்தான்! கட்சியைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தக் கட்சி வந்தாலும் பெட்டி காலியாக இருந்தால் கை நம் சட்டைப்பைக்குத்தான் நீளும் என்பதற்காகச் சொல்கிறோம்.

இன்று கேமரா நிற்கும் வண்டியைப் பார்க்கிறது. ஓடும் வண்டி மீதும் மன்றத்திற்கு அதிகாரம் வந்துவிட்டால் அதே கம்பத்தில் அதே கேமராவைச் சற்றுத் திருப்பினால் போதும். அதற்குப் பிறகு பங்கு பிரிப்பு எப்படி இருக்கும் என்று யார் நம்மைக் கேட்கப் போகிறார்கள்?

இன்னொன்றையும் கவனியுங்கள். மன்றத்தின் சாலைகளில் பெயர்ப்பலகை, எச்சரிக்கைப் பலகை வைப்பது மன்றம். எந்தத் தெரு ஒருவழி என்று முடிவு செய்வது மன்றம். மரக்கிளை பலகையை மறைத்தால் வெட்ட வேண்டியதும் மன்றம். கோடு அழிந்தால் பூச வேண்டியதும் மன்றம். சமிக்ஞை விளக்கு கோளாறு என்றால் சரிசெய்ய வேண்டியதும் மன்றம். இத்தனையும் செய்ய வேண்டியவரே அபராதமும் வசூலித்து அந்தப் பணத்தைத் தன் பெட்டியிலும் போட்டுக்கொண்டால், அழிந்த கோட்டைப் பூச அவருக்கு என்ன அவசரம்? மஞ்சள் விளக்கு எரியும் நேரத்தை ஒரு நொடி குறைத்தாலே சிவப்பில் மாட்டுபவர்கள் கூடிவிடுவார்கள். எந்த அதிகாரியும் அப்படிச் செய்வார் என்று நாம் குற்றம் சாட்டவில்லை. அப்படிச் செய்ய ஆசை வரும்படியான ஏற்பாடு கூடாது என்கிறோம்.

இந்த மண் யாருடைய வேர்வை?

சுபாங் ஜெயா என்றால் பெரிய பெரிய வீடுகள், கல்லூரிகள், பேரங்காடிகள் என்றுதான் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியும். 1976-ல் வீடமைப்பு தொடங்குவதற்கு முன் அது சீபீல்டு ரப்பர் தோட்டம். நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பால் வெட்டிய நிலம். சீபீல்டு மாரியம்மன் கோயிலும் சீபீல்டு தோட்டத் தமிழ்ப்பள்ளியும் அந்தப் பெயரைச் சுமந்து நிற்கும் சாட்சிகள்.

தோட்டம் வீடமைப்பாக மாறியது. லயத்து வீடுகள் போயின. நம் மக்கள் அடுக்குமாடிக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் சிதறினார்கள். முன்பு வேலைக்காட்டுக்கு நடந்தே போனவன், இன்று பத்து மைல் மோட்டாரில் போகிறான். அவன் ஆசைப்பட்டு மோட்டார் வாங்கவில்லை. வீட்டை வேலையிலிருந்து தூரமாகத் தள்ளியதால் வாங்கினான். பஸ் சரியான நேரத்திற்கு வராததால் வாங்கினான்.

1997-ல் சுபாங் ஜெயா நகராண்மைக் கழகம் உருவானது. 2020 அக்டோபர் 20-ல் அது மாநகர் மன்றமாக உயர்ந்தது. சுபாங் ஜெயா, யூஎஸ்ஜே, சன்வே, பூச்சோங், கின்றாரா, ஸ்ரீ கெம்பாங்கான் எல்லாம் அதன் எல்லைக்குள். பெயர்ப்பலகை உயர்ந்தது. உங்கள் குரல் உயர்ந்ததா?

ஓட்டு எங்கே போனது?

ஒரு காலத்தில் இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் இருந்தது. 1951-ல் ஜார்ஜ்டவுனிலும் 1952-ல் கோலாலம்பூரிலும் மக்கள் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே கிடைத்த உரிமை அது. 1965-ல் இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தி வைத்தார்கள். மோதல் 1966-லேயே முடிந்துவிட்டது. தேர்தல் மட்டும் திரும்பி வரவே இல்லை!

அப்போது அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் யார் தெரியுமா? செனட்டர் ஆதி நாகப்பன். நம்மவர். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர். நாடு முழுக்க ஆராய்ந்து, ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்று அந்த ஆணையம் 1968-ல் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவை முழுமையாக மூடியது. அச்சட்டத்தின் 10-ஆவது பிரிவுப்படி கவுன்சிலர்கள் 8 பேருக்குக் குறையாமல் 24 பேருக்கு மேல் போகாமல் மாநில அரசால் நியமிக்கப்படுகிறார்கள். 15-ஆவது பிரிவு ஊராட்சித் தேர்தலுக்கான விதிகளையே செயலிழக்கச் செய்தது.

பினாங்கு அரசு 2012-ல் தேர்தல் நடத்தத் தனிச் சட்டமே இயற்றியது. 2014-ல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது தோற்றது. 2018-ல் புதிய அரசில் ஓர் அமைச்சர் தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றார். இனப்பிரச்சினை வரும் என்று சொல்லிப் பிரதமர் மகாதீர் மறுத்துவிட்டார். நாடாளுமன்றத்திற்கு ஓட்டுப் போட்டால் வராத இனப்பிரச்சினை, சாக்கடை அடைப்பை எடுக்கச் சொல்லும் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டால் வந்துவிடுமா?

நியமனம் என்றால் என்ன அர்த்தம்? கட்சிகள் தங்களுக்குள் இடங்களைப் பிரித்துக்கொள்கின்றன. இந்தியர் ஒருவருக்கு இடம் கிடைத்தால் அதைச் சாதனையாகப் பத்திரிகையில் போடுகிறார்கள். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவரை நியமித்தது கட்சி. நாளைக்கு உங்கள் பக்கம் நின்று மன்றத்தை எதிர்த்துப் பேசினால் அடுத்த நியமனத்தில் அவர் பெயர் இருக்குமா?

அமலாக்கம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல

2007 அக்டோபர் 30. பாடாங் ஜாவா, கம்போங் ரிம்பா ஜெயா. தீபாவளிக்குச் சில நாள் முன்பு மாரியம்மன் கோயிலை இடித்தது யார்? ஷா ஆலம் மாநகர் மன்றம். மக்கள் கண்ணீர் விட்டார்கள், கெஞ்சினார்கள், எதிர்த்து நின்றார்கள். யாரும் நிறுத்தவில்லை. அதற்கு அடுத்த மாதம் 25-ஆம் தேதி கோலாலம்பூர் வீதிகளில் ஆயிரம் ஆயிரமாய் நம் மக்கள் திரண்டதற்கு அந்த இடிபாடும் ஒரு காரணம்.

கோயிலையும் சிவப்பு விளக்கையும் ஏன் ஒன்றாக்குகிறீர்கள் என்று கேட்பீர்கள். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் கேள்வி ஒன்றுதான். மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு மன்றத்தின் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால், அது முதலில் யார் மேல் விழும்? எதிர்த்துப் பேச வழி இல்லாதவன் மேல்தான் விழும். ஓரத்துக் கடைக்காரன், பூ விற்கும் அம்மா, பழைய வேன் ஓட்டும் அண்ணன். வரிசையில் நாம் எப்போதும் முன்னால் நிற்கிறோம்.

விதியை மீறச் சொல்லவில்லை

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சிவப்பு விளக்கை மீறுபவனுக்கு நாங்கள் வக்காலத்து வாங்கவில்லை. இந்நாட்டில் சாலையில் சாகிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் அதில்! மாலை போட்ட படங்களை எத்தனை வீட்டு முன்கூடத்தில் பார்த்துவிட்டோம். சந்திப்பில் சிவப்பைத் தாண்டி வந்த கார் ஒன்று உங்கள் மகனைச் சாய்த்தால், அந்தக் காரோட்டிக்கு ஒரு சம்மன் போதும் என்பீர்களா?

ஆகவே தம்பிமார்களே, தலைக்கவசம் போடுங்கள். சிவப்பில் நில்லுங்கள். எதிர்த்திசையில் போகாதீர்கள். பள்ளி வாசலில் இரண்டாம் வரிசையில் காரை நிறுத்திவிட்டு "ரெண்டு நிமிஷம்தானே" என்று சொல்லும் பெற்றோரே, அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிள்ளை அடிபடுகிறது.

சட்டம் வேண்டும். பிடிக்க ஆளும் வேண்டும். நாம் கேட்பது ஒன்றே: பிடிப்பவனைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு வேண்டும்.

லண்டனைப் பாருங்கள்

ஓடும் வண்டியின் குற்றத்தை ஊராட்சி மன்றமே பிடிப்பது உலகில் இல்லாதது அல்ல. லண்டனில் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, ஹாரோ பகுதிகளில் நம் ஈழத்து உறவுகள் பல்லாயிரம் பேர் வாழ்கிறார்கள். அங்குள்ள மன்றங்களுக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் வழி இந்த அதிகாரம் கிடைத்தது. திரும்பக்கூடாத இடத்தில் திரும்பினால், சந்திப்பின் மஞ்சள் கட்டத்தில் வண்டியை மாட்டவிட்டால், மன்றத்தின் கேமரா பிடித்து வீட்டுக்குக் கடிதம் அனுப்பும். 2022 மே 31 முதல் லண்டனுக்கு வெளியே உள்ள மன்றங்களும் அனுமதி பெற்று இதைச் செய்யலாம்.

ஆனால் அங்கே என்னென்ன கட்டுப்பாடுகள் என்று பாருங்கள். லண்டன் மன்றத்தின் கவுன்சிலர்களை மக்கள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கிறார்கள், பிடிக்காவிட்டால் தூக்கி எறிகிறார்கள். அபராதம் தவறு என்றால் மன்றத்தைச் சாராத தீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் முறையிடலாம். வசூலில் மிஞ்சும் பணத்தை நினைத்தபடி செலவழிக்க முடியாது, சாலை, போக்குவரத்து போன்ற வேலைகளுக்குத்தான் போக வேண்டும். மன்றம் அனுப்பும் அபராதத்தால் லைசன்சில் புள்ளி ஏறாது. லண்டனுக்கு வெளியே புதிதாகக் கேமரா வைக்கும் ஒவ்வோர் இடத்திலும் முதல் ஆறு மாதம், ஒருவர் முதல் முறை செய்யும் தவறுக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும்தான்.

இத்தனை இருந்தும் அங்கே மக்கள் "இது பணம் பிடுங்கும் வேலை" என்று மன்றத்தைத் திட்டுகிறார்கள். திட்டுவதற்கு அவர்களிடம் ஓட்டு இருக்கிறது. நம்மிடம் என்ன இருக்கிறது? அபராதத்தை மட்டும் லண்டனிலிருந்து இறக்குமதி செய்துவிட்டு, ஓட்டையும் தீர்ப்பாளரையும் அங்கேயே விட்டுவிட்டு வருவதா?

நாம் கேட்க வேண்டியவை

1. ஊராட்சித் தேர்தல் திரும்பி வராமல், ஓடும் வண்டி மீதான அதிகாரம் எந்த மன்றத்திற்கும் போகக் கூடாது.

2. கம்பவுண்டு முறையீட்டை விசாரிக்க மன்றத்தைச் சாராத தீர்ப்பாயம் வேண்டும். கம்பவுண்டு வைத்தவனே முறையீட்டையும் விசாரிப்பது நீதி ஆகாது.

3. வசூலில் பங்கு வாங்கும் எந்தத் தனியாருக்கும் அமலாக்க வேலையில் இடம் கூடாது.

4. அபராதப் பணம் எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் செலவானது என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அது நடைபாதைக்கும் மோட்டார் தடத்திற்கும் பஸ்ஸுக்கும்தான் போக வேண்டும்.

5. புதிய கேமரா, புதிய ஒருவழிப் பாதை என்றால் முதல் ஆறு மாதம் எச்சரிக்கை மட்டுமே.

6. குறைந்த வருமானக் குடும்பங்கள் தவணையில் கட்ட வழி வேண்டும். தள்ளுபடிக் காலம் சம்பள நாளைத் தாண்டி இருக்க வேண்டும்.

7. முகப்பில் தமிழில் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும். புரியாத தாளுக்குப் பணம் கட்டச் சொல்வது அநியாயம்.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது

கம்பவுண்டு என்பது தீர்ப்பு அல்ல. "இதைக் கட்டினால் வழக்குப் போடமாட்டோம்" என்று தரும் வாய்ப்புதான். நீங்கள் தவறு செய்யவில்லை என்றால் கட்டாமல் நீதிமன்றத்தில் வாதாட உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு இருக்காதீர்கள். அது உரிமை அல்ல, ஏமாளித்தனம். பிறகு நீதிமன்ற அழைப்பு வந்து நிற்கும்.

கம்பவுண்டு கிடைத்த உடனே கைப்பேசியில் படம் எடுங்கள். பலகை தெரிகிறதா, கோடு தெரிகிறதா, விளக்கு எரிகிறதா என்று எல்லாவற்றையும் எடுங்கள். தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதி வையுங்கள். முறையீட்டை வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். எழுதத் தெரியாவிட்டால் படித்த பிள்ளைகளிடம் கேளுங்கள். படித்த பிள்ளைகளே, அடுக்குமாடியில் ஞாயிறு காலை ஒரு மேசை போட்டு உட்காருங்கள். நாலு பேருக்குக் கடிதம் எழுதிக் கொடுங்கள். கோயில் மண்டபத்தில் இடம் கொடுக்க மாட்டார்களா என்ன?

உங்கள் வட்டாரத்துக் கவுன்சிலர் யார் என்று கண்டுபிடியுங்கள். பெயர் தெரியாதவர்களே அதிகம். சட்டமன்ற உறுப்பினர் திருவிழாவுக்குப் பொன்னாடை வாங்க வரும்போது, இந்த ஏழு கோரிக்கைகளையும் கையில் கொடுத்துப் பதில் கேளுங்கள். "பார்க்கிறேன்" என்றால் எப்போது என்று கேளுங்கள்.

தோட்டத்தில் நம் தாத்தாவுக்குக் கங்காணி தண்டம் போட்டான். ஏன் என்று கேட்க வழியில்லை, கூலியில் கழித்துக்கொண்டான். தோட்டம் போய் மாநகரம் வந்தது. தண்டம் போடுவதற்குக் கேமராவும் வந்துவிட்டது. ஏன் என்று கேட்கும் வழி மட்டும் இன்னும் வரவில்லை. அதை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

சிந்திப்பீர்! அண்டை வீட்டாரிடம் சொல்வீர்! ஒன்றுபடுவீர்!